புயலும் தீயும் மனிதரும்: கால்வெஸ்டன் நகரில் நிக்கலஸ் கிளேட்டன் கட்டியவை

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கட்டடக்கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாஸ்டன், நியூயார்க், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களோடு நின்றுவிடுவார்கள். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன், ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட், லூயிஸ் சல்லிவன் என்ற பெயர்கள் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. ஆனால் அந்த நாட்டு மக்கள் பிரார்த்தனைக்குப் போன தேவாலயங்களையும், பணம் போட்ட வங்கிகளையும், பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிகளையும் பெரும்பாலும் கட்டியவர்கள் வேறு ஆட்கள். ஒரு நகரத்தை, மிஞ்சினால் ஒரு மாநிலத்தை எல்லையாகக் கொண்டு வாழ்நாள் முழுக்க உழைத்த வட்டாரக் கட்டடக் கலைஞர்கள் அவர்கள். டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவில் 1872 முதல் 1916 வரை பணியாற்றிய நிக்கலஸ் ஜோசப் கிளேட்டன் அவர்களில் முக்கியமானவர்.

கிளேட்டனின் தொழில்வாழ்வை ஆராய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு, அது துயரமான வசதி. அவர் கட்டியவை எல்லா வழிகளிலும் அழிந்திருக்கின்றன. சில தீக்கு இரையாயின, சில கடலோடு போயின. சில உறுதியாக நின்றபோதே இடிக்கப்பட்டன. இன்னும் சில எல்லாவற்றையும் தாண்டி இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஒரே கலைஞர் ஒரே ஊரில் கட்டியவை என்பதால், ஒரு கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது எது என்ற கேள்விக்கு இங்கே தெளிவான விடை தேட முடிகிறது. கட்டுமானத்தின் உறுதி பாதிக் காரணம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். மீதிப் பாதி, அந்தக் கட்டடம் யாருக்காவது தொடர்ந்து தேவைப்படுகிறதா என்பதில் இருக்கிறது.

தீவும் பருத்தியும்

மெக்சிகோ வளைகுடாவின் கரையோரம் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டுதான் கால்வெஸ்டன் தீவு. 1900-க்கு முன் ஊரின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்குள்தான் இருந்தது. ஆனால் தீவின் உட்புறம், பெருநிலத்தை நோக்கிய பக்கத்தில், இயற்கையான துறைமுகம் அமைந்திருந்தது. டெக்சஸில் விளைந்த பருத்தி இந்தத் துறைமுகம் வழியாகத்தான் உலகச் சந்தைக்குப் போனது. வெளியிலிருந்து வந்த சரக்கும் குடியேறிகளும் இங்கேயே இறங்கினார்கள். 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 22,248 பேருடன் டெக்சஸின் மிகப் பெரிய நகரமாக இருந்தது கால்வெஸ்டன்.

துறைமுகத்தை ஒட்டிச் செல்லும் ஸ்ட்ராண்ட் தெருவில் பருத்தித் தரகர்களும் வங்கிகளும் கப்பல் முகவர்களும் மொத்த வணிகர்களும் வரிசையாகக் கடை விரித்திருந்தார்கள். தென்மேற்கின் வால் ஸ்ட்ரீட் என்று அந்தத் தெருவுக்குப் பட்டப்பெயரும் இருந்தது. இந்த வணிகர்கள் கையில் பணம் புரண்டது. தங்கள் ஊர் நியூ ஆர்லியன்ஸுக்குச் சளைத்ததல்ல என்று உலகத்துக்குக் காட்டும் ஆசையும் அவர்களுக்கு இருந்தது. மேல்நிலைக் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு இதைவிட ஏற்ற ஊர் அன்றைய டெக்சஸில் இல்லை.

சுண்ணச்சாந்திலிருந்து வரைபலகைக்கு

கிளேட்டன் அயர்லாந்தின் கார்க் வட்டாரத்தில் 1840-இல் பிறந்தவர். தந்தை இறந்தபின், சிறுவயதிலேயே தாயோடு அமெரிக்கா வந்து ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் குடியேறினார். பல்கலைக்கழகப் படிப்போ, ஐரோப்பியக் கலைக்கூடப் பயிற்சியோ அவருக்குக் கிடைக்கவில்லை. சுவர்ப்பூச்சு வேலையும் கல் செதுக்கும் வேலையும் பழகித்தான் அவர் இந்தத் துறைக்குள் நுழைந்தார். உள்நாட்டுப் போரின்போது ஒன்றிய அரசின் கடற்படையில் சேர்ந்து பணியாற்றினார். போருக்குப் பின் பல நகரங்களில் வேலை செய்துகொண்டே கட்டட வரைவுக் கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் இயங்கிய ஜோன்ஸ் அண்ட் பால்ட்வின் நிறுவனம் கால்வெஸ்டனின் முதல் பிரெஸ்பிட்டீரியன் தேவாலயத்துக்கு வரைபடம் தயாரித்திருந்தது. அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட 1872-இல் அனுப்பப்பட்டவர் கிளேட்டன். வந்தவர் தங்கிவிட்டார். சொந்தமாக அலுவலகம் திறந்தார். கட்டட ஒப்பந்ததாரர்களே வரைபடமும் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நிலவிய மாநிலத்தில், வடிவமைப்பை மட்டுமே தொழிலாகக் கொண்டு நிலைத்த முதல் சிலரில் அவரும் ஒருவர்.

கத்தோலிக்கரான கிளேட்டனுக்குத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே வேலை தந்தது. ஆஸ்டின் நகரில் இன்று பேராலயமாக விளங்கும் புனித மரியா தேவாலயம் 1870-களில் அவர் வடிவமைத்தது. கால்வெஸ்டனின் பழைய புனித மரியா பேராலயத்துக்கு 1876-இல் ஒரு நடுக்கோபுரம் வரைந்து கொடுத்தார். அதன் உச்சியில் 1878-இல் கடலின் விண்மீனாகிய மரியாளின் சிலை நிறுவப்பட்டது. அந்தச் சிலை நிற்கும்வரை ஊருக்கு அழிவில்லை என்ற நம்பிக்கை தீவு மக்களிடம் வேரூன்றியது. ஆனால் அவர் ஒரு சமயத்தாருக்கு மட்டும் கட்டியவர் அல்ல. எபிஸ்கோபல் சபைக்கு ஈட்டன் நினைவு ஆலயத்தையும் கிரேஸ் தேவாலயத்தையும் அவர்தான் வடிவமைத்தார். வங்கியும் செய்தித்தாள் அலுவலகமும் விடுதியும் மருத்துவமனையும் அவர் மேசைக்கே வந்தன. ஓர் ஊரின் எல்லாத் தேவைகளையும் ஒரே கண் பார்த்து வடிவமைக்கும் வாய்ப்பு பெருநகரக் கலைஞர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காதது.

செங்கல்லின் நிழல்

கிளேட்டனின் திறமையை அறிய 22-ஆம் தெருவில் உள்ள ட்ரூஹார்ட்–ஏட்ரியன்ஸ் கட்டடத்தின் முன் நின்றால் போதும். ஒரு நிலவணிக நிறுவனத்துக்காக 1881-82-இல் கட்டப்பட்டது இது. முகப்பின் அகலம் குறைவு, இருபுறமும் வேறு கட்டடங்கள் நெருக்குகின்றன. தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே ஒரு சுவர்தான். அந்த ஒரு சுவரில் அவர் செய்திருக்கும் வேலை வியப்பூட்டுகிறது.

வெவ்வேறு நிறச் செங்கற்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. சன்னல்களுக்கு மேலே உள்ள வளைவுகளில் நிறங்கள் மாறி மாறி வருகின்றன. சில வரிசைகள் சுவரைவிட்டுச் சற்று வெளியே நீள்கின்றன, சில உள்வாங்குகின்றன. மேல்விளிம்பை நெருங்க நெருங்க ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் முன்னே வந்து ஒரு கனத்த எடுப்பாக முடிகிறது. சுவரில் தனியாக ஒட்டவைத்த அலங்காரம் என்று எதையும் எளிதில் பிரித்துக் காட்ட முடியாது, ஏனென்றால் சுவரைத் தாங்கும் செங்கல்லே அலங்காரமாகவும் ஆகியிருக்கிறது. வளைகுடாவின் கூர்மையான வெயில் விழும்போது ஒவ்வொரு நீட்டலும் ஒரு நிழற்கோட்டை இழுக்கிறது. வெயில் நகர நகர முகப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மணல் தீவில் கல் கிடையாது. கல் வேண்டுமானால் கப்பலிலோ ரயிலிலோ கொண்டுவர வேண்டும், அதற்குச் செலவு அதிகம். செங்கல்லும் வார்ப்பிரும்பும் அதைவிட எளிதாகக் கிடைத்தன. கிடைத்த பொருளில் உச்சத்தைத் தொட வேண்டிய கட்டாயத்தை அவர் தம் பாணியாகவே மாற்றிக்கொண்டார். கல்லும் சாந்தும் கையாண்டு வளர்ந்தவர் என்பதால், ஒரு கொத்தனாரால் எதைச் செய்ய முடியும், எவ்வளவு நுணுக்கம் வரை அவரை நம்பலாம் என்பது கிளேட்டனுக்குத் தெரிந்திருந்தது. வரைபடத்தில் அழகாகவும் சாரத்தின் மேல் சாத்தியமற்றதாகவும் இருக்கும் வடிவங்கள் அவரிடம் குறைவு.

மெக்கானிக் தெருவில் 1883-84-இல் எழுந்த கால்வெஸ்டன் நியூஸ் நாளிதழின் கட்டடத்திலும் இதே கைவண்ணம்தான், இன்னும் பெரிய அளவில். பத்தாண்டு கழித்து, 1895-97-இல், ஹட்சிங்ஸ்–சீலி வங்கிக்காக ஸ்ட்ராண்டில் கட்டியபோது அவர் வேறு மொழி பேசினார். கீழே கிரானைட், மேலே மணற்கல்லும் வெளிர்நிறச் செங்கல்லும், அடக்கமான மறுமலர்ச்சிக்கால ஒழுங்கு. வாடிக்கையாளரின் குணத்துக்கேற்பக் கட்டடத்தின் குரலை மாற்றத் தெரிந்தவர் அவர். வட்டாரக் கலைஞர்களை ஒரே அச்சில் வார்ப்பவர்கள் என்று குறைத்து மதிப்பிடும் விமர்சனம் கிளேட்டனுக்குப் பொருந்தாது.

தீ கொண்டுபோனவை

1880-களில் கால்வெஸ்டன் தன் கடற்கரையை விற்கத் தொடங்கியது. 1881-இல் கடற்கரையில் கிளேட்டன் வடிவமைத்த பெவிலியன் எழுந்தது. டெக்சஸில் மின்விளக்கு எரிந்த முதல் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். இரண்டே ஆண்டுகளில், 1883-இல், அது எரிந்து போனது.

அதே ஆண்டு பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. மணலில் அடித்து இறக்கிய 300 தேவதாரு மரக்கம்பங்களின் மேல் நின்ற நான்கு மாடி மர மாளிகை அது. சுற்றிலும் அகன்ற தாழ்வாரங்கள். சுவர்களுக்கு இளம் ஊதா, இறவாணத்துக்குப் பொன்பச்சை, உச்சியில் இருந்த எண்கோண மாடத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமான பெரும் பட்டைகள். வங்கிக்காரர்களுக்குச் செங்கல்லில் நிதானம் காட்டிய அதே மனிதர், விடுமுறைக்கு வந்தவர்களுக்குத் திருவிழாவையே கட்டிக் கொடுத்தார். 1898-இல் அந்த ஹோட்டலும் தீக்கு இரையாயிற்று.

மரக்கட்டுமானத்தின் அபாயத்தை ஊர் முன்பே பார்த்திருந்தது. 1885 நவம்பர் 13 அன்று பரவிய தீ வீடுகள் நிறைந்த சுமார் 40 தெருக்கட்டங்களைச் சாம்பலாக்கியது. அதன்பின் நடந்த மறுகட்டுமானத்தில் ஊரின் கட்டடக் கலைஞர்களுக்கு வேலை குவிந்தது. ஆஸ்டினில் கிளேட்டன் கட்டிய புனித எட்வர்ட் கல்லூரியின் முதன்மைக் கட்டடமும் 1903-இல் தீக்கு உள்ளானது, ஆனால் அதன் கதை வேறு விதமாக முடிந்தது. சுவர் கல்லால் ஆனது, கல்லூரிக்குக் கட்டடம் உடனே தேவைப்பட்டது. எனவே அது மீண்டும் எழுப்பப்பட்டு, பின்னாளில் பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியின் முகமாக இன்றும் நிற்கிறது. பீச் ஹோட்டல் எரிந்தபின் அதை மீண்டும் எழுப்ப யாரும் முன்வரவில்லை. பொருளின் வலிமை, தொடர்ந்த தேவை என்ற இரண்டு காரணங்களும் சேர்ந்து வேலை செய்வதை இந்த இரு தீ விபத்துகளிலேயே காணலாம்.

மருத்துவக் கல்லூரியும் மாளிகையும்

மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவை எங்கே அமைப்பது என்று 1881-இல் வாக்கெடுப்பு நடந்தபோது டெக்சஸ் மக்கள் கால்வெஸ்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். வணிகர் ஜான் சீலி விட்டுச் சென்ற நன்கொடையில் ஒரு பொது மருத்துவமனை 1890-இல் திறக்கப்பட்டது, அதை வடிவமைத்தவர் கிளேட்டன். அதன் அருகிலேயே கல்லூரிக் கட்டடத்தின் பணியும் அவரிடம் வந்தது. பேனா பிடிப்பதற்கு முன் நாட்டின் சிறந்த மருத்துவக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தார். வகுப்பறையும் உடற்கூறு அறையும் எப்படி அமைய வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை அது.

1891-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை ஊரார் ஓல்ட் ரெட் என்றே அழைக்கிறார்கள். பிற்காலத்தில் மருத்துவரும் கல்வியாளருமான ஆஷ்பெல் ஸ்மித்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சிவப்புச் செங்கல், டெக்சஸ் கிரானைட், மணற்கல். பெரிய அரைவட்ட வளைவுகளின் வரிசை, ஓரங்களில் வெளியே வளைந்து வரும் சுவர்கள். ரிச்சர்ட்சன் பரப்பிய ரோமனெஸ்க் பாணியின் செல்வாக்கு தெரிகிறது. ஆனால் ரிச்சர்ட்சன் கல்லின் எடையால் சாதித்ததைக் கிளேட்டன் செங்கல்லின் அடுக்கால் சாதிக்கிறார். சுவரின் கனமும் சன்னல்களின் ஆழமும் வெயிலைத் தடுத்து அறைகளுக்கு நிழல் தருகின்றன. மின்விசிறி பரவலாகாத, குளிரூட்டி இல்லாத காலத்தில், ஈரமும் வெப்பமும் நிறைந்த தீவில், மாணவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இதே ஆண்டுகளில் பிராட்வே சாலையில் இன்னொரு பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞரும் ரயில்வே முதலீட்டாளருமான வால்டர் கிரெஷம் பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனவர். அவரும் மனைவி ஜோசஃபினும் 1887-இல் தொடங்கிய மாளிகை முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. சுமார் 2,50,000 டாலர் செலவானதாகக் கணக்கிடுகிறார்கள். கிரானைட், சுண்ணாம்புக்கல், சிவப்பு மணற்கல் எல்லாவற்றையும் தளத்துக்கே கொண்டுவந்து அங்கேயே வெட்டிச் செதுக்கினார்கள். உருளைக் கோபுரங்கள், செங்குத்தான கூரைகள், உயர்ந்த புகைபோக்கிகள் என்று வெளித்தோற்றம் பிரெஞ்சு அரண்மனைகளை நினைவூட்டுகிறது.

உள்ளே நுழைந்ததும் கண்ணை இழுப்பது படிக்கட்டுதான். எண்கோண வடிவில் சுமார் 40 அடி உயரத்துக்கு மேலேறும் வெளி, அதைச் சுற்றிச் செதுக்கிய மரப்படிகள், மேலிருந்து வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் ஒளி. வீட்டின் எல்லா அறைகளும் இந்த நடுவெளியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மனை சிறியது, மாளிகை பெரியது என்ற குறையை விமர்சகர்கள் சொல்வதுண்டு, அது உண்மையும்கூட. ஆனால் கிளேட்டன் பக்கவாட்டில் கிடைக்காத விசாலத்தை உயரத்தில் தேடியிருக்கிறார். அந்த எண்கோண வெளி அதற்காகவே அங்கே இருக்கிறது.

1900 செப்டம்பர் 8

அன்று வந்த புயல் அமெரிக்க வரலாற்றிலேயே மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட இயற்கைப் பேரிடர். 15 அடிக்கும் மேல் உயர்ந்த கடல்நீர் தீவு முழுவதையும் மூடியது. நகரில் மட்டும் 6,000 முதல் 8,000 பேர் வரை மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 37,789. அதாவது ஆறு பேரில் ஒருவர் போல ஒரே இரவில் போய்விட்டார்கள். சுமார் 3,600 வீடுகள் தரைமட்டமாயின.

கிளேட்டனின் கட்டடங்களும் தப்பவில்லை. 1880-களில் கட்டத் தொடங்கிய அவருடைய திரு இருதய தேவாலயம் முற்றாக அழிந்தது. ஸ்ட்ராண்டில் மூடி என்ற வணிகக் குடும்பத்தின் கட்டடம் நான்காம் தளத்தை இழந்தது. ஓல்ட் ரெட்டின் கூரை சேதமடைந்தது. ஆனால் சுவர்கள் நின்றன. பேராலயக் கோபுரத்தின் மேல் கடலின் விண்மீனும் நின்றது. கிரெஷம் மாளிகை ஏறக்குறைய சேதமின்றி நின்று, வீடிழந்து வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்தது.

இந்த இரவில் மிகப் பெரிய சோதனையைத் தாங்கியது அர்சுலின் கன்னியர் மடத்தின் கல்விக்கூடம். 1890-களின் முற்பாதியில் கிளேட்டன் வெனிஸ் நகரத்துக் கோத்திக் சாயலில் எழுப்பிய கட்டடம் அது. கூர்வளைவுகளின் தொடர், செங்கல்லும் வெளிர்கல்லும் மாறி மாறி ஓடும் பட்டைகள் என்று அவருடைய அலங்காரக் கற்பனை உச்சத்தைத் தொட்ட இடம் என்று பல ஆய்வாளர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த இரவில் சுமார் 1,000 பேர் அதற்குள் தஞ்சம் புகுந்தார்கள். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவர்களைச் சன்னல் வழியே கன்னியர்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். புயலுக்கு நடுவே அங்கே குழந்தைகளும் பிறந்தன. அலங்காரம் மிகுந்த கட்டடம் பலவீனமானது என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

வழக்கும் கடைசி ஆண்டுகளும்

புயலுக்கு முன்பே கிளேட்டனின் தொழிலில் சரிவு தொடங்கிவிட்டது. கால்வெஸ்டன் கவுன்டியின் புதிய நீதிமன்றக் கட்டடத்துக்கான ஒப்பந்தம் தொடர்பாக 1890-களின் இறுதியில் மூண்ட வழக்கு நீண்டுகொண்டே போனது. கட்டடம் வேறு கைக்குப் போயிற்று, வழக்கின் சுமை அவர்மேல் விழுந்தது. 1903-இல் அவர் திவாலானார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஓர் ஊரின் முகத்தை வரைந்தவருக்குச் சொந்தப் பெயரில் கடனைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை.

ஊரும் மாறிவிட்டது. கால்வெஸ்டன் தன்னைக் காத்துக்கொள்ள 17 அடி உயரக் கடற்சுவர் கட்டியது. அதன் முதல் பகுதி 1904-இல் முடிந்தது. அதைத் தொடர்ந்து ஊரின் தரையையே உயர்த்தும் வேலை நடந்தது. 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகுதாங்கிகளால் தூக்கி நிறுத்தி, அடியில் கடல்மணலை நீரோடு கலந்து பாய்ச்சி நிரப்பினார்கள். கிளேட்டன் வடிவமைத்த புனித பேட்ரிக் தேவாலயத்தைச் சுமார் 700 திருகுதாங்கிகளை வைத்து 5 அடி உயர்த்தியது அந்தப் பணியின் பெரும் சாதனைகளில் ஒன்று. பொறியியலாளர்களின் காலம் வந்துவிட்டது. கட்டடக் கலைஞருக்கு மிஞ்சியது பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலை. 1901-இல் போமான்ட் அருகே எண்ணெய் பீறிட்டதும், 1914-இல் ஹூஸ்டனின் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டதும் டெக்சஸின் பணத்தை நிரந்தரமாகப் பெருநிலத்துக்கு இழுத்துக்கொண்டன.

ஆனாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. புயலில் அழிந்த திரு இருதய தேவாலயத்தின் இடத்தில் வேறொருவரின் வடிவமைப்பில் புதிய வெள்ளைக் கோயில் எழுந்திருந்தது. 1915-ஆம் ஆண்டுப் புயலில் அதன் குவிமாடம் பழுதானபோது, மாற்றுக் குவிமாடம் கிளேட்டனின் வடிவமைப்பில் அமைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில், தம் வீட்டுப் புகைபோக்கியில் விழுந்த விரிசலை மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது சட்டையில் தீப்பற்றியது. அந்தக் காயங்களால் 1916 டிசம்பர் 9 அன்று இறந்தார். கல்லறைக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கவும் வசதியில்லையே என்று மனைவி மேரி லொரீனா வருந்தியபோது, ஊரின் யூத மதகுரு ஹென்றி கோஹன் அவரைத் தேற்றியதாகச் சொல்வார்கள்: நகரமெங்கும் கணவருக்கு நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன, போய் அடிக்கற்களைப் படித்துப் பாருங்கள் என்பது அந்த ஆறுதலின் சாரம்.

இடித்தவர்களும் காத்தவர்களும்

1900 புயலில் 1,000 பேரைக் காத்த அர்சுலின் கல்விக்கூடம் 1961-இல் கார்லா புயலில் சேதமடைந்தது. திருத்தக்கூடிய சேதம்தான் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். பராமரிப்புச் செலவைக் கணக்கிட்டவர்கள் வென்றார்கள், கட்டடம் இடிக்கப்பட்டது. கிளேட்டனின் ஜான் சீலி மருத்துவமனையும் புதிய மருத்துவ வளாகத்துக்கு வழிவிட்டு மறைந்தது. அவருடைய தலைசிறந்த படைப்பான கல்விக்கூடத்தைக் கடல் வெல்லவில்லை, ஒரு முடிவு வென்றது. இந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது, ஏனென்றால் அது தவிர்க்கக்கூடியதாக இருந்தது.

மறுபக்கம் பாருங்கள். கிரெஷம் மாளிகையை 1923-இல் கத்தோலிக்க மறைமாவட்டம் வாங்கியது. ஆயர் கிறிஸ்டஃபர் பைர்ன் அதில் குடியேறினார், அதனால்தான் அது ஆயர் மாளிகை என்று பெயர் பெற்றது. ஆள் குடியிருந்த வீடு ஒழுகவில்லை. 1963-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டு, 2013-இல் கால்வெஸ்டன் வரலாற்று அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ட்ரூஹார்ட்–ஏட்ரியன்ஸ் கட்டடத்தை ஊரின் மகளிர் சேவை அமைப்பான ஜூனியர் லீக் 1969-இல் வாங்கிப் புதுப்பித்துத் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. ஸ்ட்ராண்ட் வட்டாரத்தின் மீட்பு அங்கிருந்துதான் தொடங்கியது. உலோகப் போர்வையால் மூடப்பட்டிருந்த கால்வெஸ்டன் நியூஸ் முகப்பு பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்தது. இடிபடும் நிலைக்குப் போன ஓல்ட் ரெட் 1980-களில் சீரமைக்கப்பட்டு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அன்றாடப் பயன்பாட்டுக்குத் திரும்பியது.

இந்த மனமாற்றத்தில் ஒரு நூலுக்கும் பங்குண்டு. ஹூஸ்டன் கட்டடக் கலைஞர் ஹோவர்ட் பார்ன்ஸ்டோன் 1966-இல் வெளியிட்ட "தி கால்வெஸ்டன் தட் வாஸ்", ஆன்ரி கார்த்தியே-பிரெசோன், எஸ்ரா ஸ்டோலர் ஆகியோரின் புகைப்படங்களோடு, மறைந்துகொண்டிருந்த ஒரு நகரத்துக்கு இரங்கல் போலவே எழுதப்பட்டது. அதைப் படித்தவர்கள் இரங்கலோடு நிற்கவில்லை. 1973-இல் வரலாற்று அறக்கட்டளை ஒரு சுழல்நிதியை ஏற்படுத்தியது. பாழடைந்த கட்டடங்களை வாங்கி, காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்று, வந்த பணத்தில் அடுத்ததை வாங்கும் ஏற்பாடு அது. 1976-இல் ஸ்ட்ராண்ட் வட்டாரம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2008-இல் ஐக் புயல் அந்தத் தெருவை மீண்டும் வெள்ளத்தில் மூழ்கடித்தபோது, துடைத்தெடுத்துத் திறக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

கால்வெஸ்டனின் வறுமையும் இதில் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஹூஸ்டன் வளர வளர அங்கே பழைய மையப்பகுதியை இடித்து உயரக் கட்டடங்கள் எழுப்பினார்கள். தீவில் இடித்துக் கட்டவும் பணமில்லை. அறுபது ஆண்டுக்கால மந்தநிலை கட்டடங்களைத் தொடாமல் விட்டது. ஆனால் தொடாமல் விடுவது வேறு, காப்பது வேறு. மந்தநிலை காலம் வாங்கிக் கொடுத்தது, அந்தக் காலத்தைப் பயன்படுத்தியவர்கள் மனிதர்கள்.

ஒரு வட்டாரக் கலைஞரை எடைபோடுவது எப்படி?

கிளேட்டன் எந்தப் பாணியையும் தொடங்கிவைக்கவில்லை, அவருக்குச் சீடர் பரம்பரையும் இல்லை. செல்வாக்கை மட்டும் அளவுகோலாக வைத்தால் அவருக்கு வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பு போதும். அந்த அளவுகோலே தவறு என்பதுதான் என் முடிவு. ஓர் ஊரின் மண், வெயில், காற்று, கையிருப்பு, கைவினைஞர், பெருமிதம் இத்தனைக்கும் பதில் சொல்லும் கட்டடங்களை ஒருவர் தொடர்ந்து தந்தாரா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கிளேட்டனைப் போல் விடை தந்தவர்கள் அன்றைய அமெரிக்காவில் மிகச் சிலரே.

டல்லஸ் நகரில் இன்னொரு சான்று இருக்கிறது. இன்று குவாடலூப்பே மாதா பேராலயம் என்று அழைக்கப்படும் திரு இருதயப் பேராலயத்துக்கு 1898-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1902-இல் அர்ச்சிப்பு நடந்தது. பணம் போதாமல் கிளேட்டன் வரைந்த பெருங்கோபுரம் மட்டும் எழவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2005-இல், அவருடைய வடிவமைப்பைப் பின்பற்றி 224 அடி உயரக் கோபுரத்தை மறைமாவட்டம் கட்டி முடித்து, அதில் 49 மணிகளையும் தொங்கவிட்டது. அந்தப் பேராலயத்தில் வழிபாடு ஒருநாளும் நின்றுபோகாததால்தான், வரைந்தவர் இறந்து 89 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வேலையை முடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

அர்சுலின் கல்விக்கூடத்தையும் டல்லஸ் கோபுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆய்வின் விடை கிடைத்துவிடுகிறது. முழுமையாகக் கட்டி முடித்து, பெரும்புயலையும் வென்ற கட்டடம் இன்று இல்லை. காகிதத்தில் மட்டுமே இருந்த கோபுரம் இன்று நிற்கிறது. உறுதியாகக் கட்டுவது கலைஞரின் கடமை, கிளேட்டன் அதை நிறைவாகச் செய்தார். கட்டியதற்கு ஒரு வேலை கொடுத்து, கூரையை மாற்றி, கணக்குப் பார்க்கும்போது அதன் பக்கம் நிற்பது அடுத்தடுத்து வரும் தலைமுறைகளின் கடமை. பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதன் வயதை அல்ல, இனி அதை யார் எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதைத்தான்.